அங்கியும் முக்காடும்: ஒரு சட்டத்தின் 128 ஆண்டுகள்

ஆசிரியரின் உடை எவ்வாறு இருத்தல் வேண்டும் என்று கேட்டால், தூய்மையாகவும் கண்ணியமாகவும் மாணவர் மதிக்கும்படியாகவும் இருத்தல் வேண்டும் என்றே அனைவரும் விடை கூறுவர். அதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. அந்த உடை அவருடைய மார்க்கத்தைப் புலப்படுத்தலாமா என்னும் அடுத்த கேள்வியில்தான் வழக்குகள் பிறக்கின்றன. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் இக்கேள்விக்கு 1895இல் ஒரு சட்டத்தின் மூலம் விடை கூறியது. அந்த விடை 2023 வரை நிலைத்து நின்றது. அச்சட்டம் முஸ்லிம்களை மனத்திற்கொண்டு இயற்றப்பட்டதன்று. எனினும், முக்காடு அணிந்த ஒரு முஸ்லிம் ஆசிரியையைப் பள்ளி வாசலிலிருந்து திருப்பி அனுப்பியதும் அதே சட்டம்தான். அது யாருக்காக இயற்றப்பட்டது, யார்மீதெல்லாம் பாய்ந்தது என்பதை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் கத்தோலிக்கர் பெருந்திரளாக அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தனர். அந்நாட்டின் பொதுப்பள்ளிகளில் அப்போது புராட்டஸ்டண்ட் பிரிவினரின் பைபிள் பதிப்பே நாள்தோறும் வாசிக்கப்பட்டது. தம் பிள்ளைகள் தம் பதிப்பை வாசிக்க இசைவு தருமாறு கத்தோலிக்கர் கேட்டனர். இவ்விவகாரம் பெரும் பகையாக வளர்ந்து, 1844 மே மாதத்தில் பென்சில்வேனியாவின் பெருநகரமான பிலடெல்பியாவில் கலவரமாக வெடித்தது. புனித மைக்கேல், புனித அகஸ்டின் என்னும் இரு கத்தோலிக்க ஆலயங்கள் தீக்கிரையாயின. பள்ளிக்கூடத்தில் யாருடைய மதம் தென்பட வேண்டும் என்னும் கேள்வி, அம்மாநிலத்தில் தொடக்கம் முதலே இத்தகைய சூட்டோடுதான் எழுந்தது.

ஐம்பது ஆண்டுகள் கழிந்தன. அதே மாநிலத்தின் மலைப்பகுதியில் காலிட்சின் என்னும் சிற்றூர் இருக்கிறது. ரஷ்ய இளவரசர் குடும்பத்தில் பிறந்து கத்தோலிக்கப் பாதிரியாராகிய ஒருவரின் பெயரைத் தாங்கிய ஊர் அது. அவ்வூர்ப் பொதுப்பள்ளியின் நிர்வாகக் குழு, புனித யோசேப்பு சபையைச் சேர்ந்த கன்னியாஸ்திரீகளை ஆசிரியைகளாக நியமித்தது. அவர்கள் தம் சபைக்குரிய நீண்ட அங்கியோடும் சிலுவையோடும் வகுப்பறைக்கு வந்தனர். நம் ஊர்களில் கான்வென்ட் பள்ளிகளில் பயின்ற சகோதரிகளுக்கு அத்தோற்றம் நன்கு பழகியதே. ஆனால் அது வரிப்பணத்தில் நடக்கும் பொதுப்பள்ளி. ஆகவே வரி செலுத்தும் ஊர்மக்கள் சிலர் வழக்குத் தொடுத்தனர்.

1894இல் மாநில உச்ச நீதிமன்றம் கன்னியாஸ்திரீகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வகுப்பில் அவர்கள் தம் மதத்தைப் போதித்தார்களா என்பதே கேள்வி. உடை அணிவது மட்டுமே போதனை ஆகிவிடாது என்பது தீர்ப்பின் சாரம். ஆயினும் நீதிபதிகள் மற்றொன்றையும் குறிப்பிட்டனர். காவலர்க்கும் இரயில்வே ஊழியர்க்கும் செவிலியர்க்கும் சீருடை இருப்பதுபோல், ஆசிரியர் அனைவர்க்கும் ஒரே சீருடையை வகுக்கச் சட்டமன்றம் விரும்பினால் அவ்வாறு செய்யலாம் என்றனர்.

மறு ஆண்டே சட்டமன்றம் செயலில் இறங்கியது. ஆனால் நீதிபதிகள் சுட்டிய பொதுச்சீருடையை அது வகுக்கவில்லை. எந்த ஆசிரியரும் எந்த உடையையும் அணியலாம். தாம் ஒரு மதப்பிரிவையோ துறவறச் சபையையோ சார்ந்தவர் என்று காட்டும் உடை, அடையாளம், சின்னம் ஆகியவற்றை மட்டும் பொதுப்பள்ளியில் அணிதல் கூடாது என்று 1895ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. முதன்முறை மீறுவோர் ஓராண்டுப் பணிநீக்கத்துக்கு உள்ளாவர். மறுமுறை மீறினால் அப்பள்ளியில் கற்பிக்கும் தகுதியையே இழப்பர். இதைக் கண்டும் வாளாவிருக்கும் நிர்வாகிகளுக்கு நூறு டாலர் வரை அபராதம். பார்வைக்கு எல்லா மதத்தவர்க்கும் பொதுவான சட்டம். அன்றைய நிலையில் அது யாரைக் குறித்தது என்பது அனைவருக்கும் தெரிந்திருந்தது.

சட்டத்தை ஆதரித்தோர் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது என்பதை மறைத்தல் முறையன்று. இளம்பிள்ளைகள் ஆசிரியரை உயர்வாக மதிப்பவர்கள். அவர் உடையே ஓயாமல் ஒரு மதத்தை நினைவூட்டிக்கொண்டிருந்தால், வேற்று மதத்துப் பிள்ளைகளின் மனத்தில் அது பதியாதா என அவர்கள் கேட்டனர். எந்த மதத்தவராயினும், தம் குழந்தையைப் பொதுப்பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர்க்கு எழக்கூடிய கவலையே அது. ஆனால் அக்கவலைக்கு அவர்கள் தேர்ந்த மருந்து என்ன விளைத்தது என்பதைப் பின்வந்த நிகழ்ச்சிகள் காட்டின.

கத்தோலிக்கரை நோக்கி எய்த அம்பு புராட்டஸ்டண்டுகளையே தைத்தது. பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் மாவட்டத்தில் மென்னோனைட்டுகள் என்னும் எளிய வாழ்வினர் பலர் வாழ்கின்றனர். அவர்களும் புராட்டஸ்டண்ட் மரபினரே. அப்பெண்கள் ஆடம்பரமற்ற ஆடை அணிந்து, தலையைச் சிறு தொப்பியால் மறைப்பது வழக்கம். அவ்வுடையோடு கற்பித்த ஓர் ஆசிரியையைப் பணியில் வைத்திருந்தமைக்காகப் பள்ளி நிர்வாகிகள்மீது குற்ற வழக்குப் பதிவாயிற்று. 1910இல் மாநில உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

பிற மாநிலங்களிலும் இத்தகைய சட்டங்கள் தோன்றின. நெப்ராஸ்கா 1919இல் இயற்றியது. ஆரகன் 1923இல் இயற்றியது. கு கிளக்ஸ் கிளான் என்னும் வெள்ளையர் மேலாதிக்க இயக்கம் அம்மாநில அரசியலில் செல்வாக்கோடு விளங்கிய காலம் அது. வடக்கு டக்கோட்டாவில் 1948இல் பொதுமக்கள் வாக்கெடுப்பின் வழியே இத்தடை வந்தது. அங்கு நடந்தது நம் சிந்தனைக்குரியது. கத்தோலிக்க ஆயர்கள் கன்னியாஸ்திரீகளுக்குச் சாதாரண உடையில் கற்பிக்க அனுமதி வழங்கினர். அதே ஆசிரியைகள் அங்கியைக் களைந்து அதே வகுப்புகளுக்குச் சென்று கற்பித்தனர்.

இனி, நம்மை நேரடியாகத் தொடும் கட்டத்துக்கு வருவோம். பிலடெல்பியாவில் 1970 முதல் ஆசிரியப் பணி புரிந்துவந்தார் ஒரு முஸ்லிம் சகோதரி. முகமும் கைகளும் தவிர உடலை மறைத்தல் தம்மீது கடமை என்னும் உறுதி 1982ஆம் ஆண்டளவில் அவருக்கு ஏற்பட்டது. அதுமுதல் தலையையும் கழுத்தையும் மார்பையும் மறைக்கும் முக்காடும் நீண்ட தளர்ந்த ஆடையும் அணிந்தே பணிக்குச் சென்றார். சில இடங்களில் அவ்வாறே பாடமும் நடத்தினார். எவரும் மறுப்புக் கூறவில்லை. ஆனால் 1984இன் பிற்பகுதியில், மாற்று ஆசிரியையாக அவர் சென்ற மூன்று பள்ளிகளிலும் தலைமையாசிரியர்கள் 1895ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டித் தடுத்தனர். வீட்டுக்குச் சென்று உடை மாற்றி வரலாம் என்றனர். மூன்று முறையும் அவர் மறுத்தார். மூன்று முறையும் பணியின்றித் திரும்பினார்.

பணியிடத்தில் மத அடிப்படையில் பாகுபாடு காட்டுவதை 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டம் தடை செய்கிறது. அதன்கீழ் அவர் முறையிட்டார். அமெரிக்க ஐக்கிய நாட்டு அரசே அவர் சார்பில் பள்ளி வாரியத்தின்மீது வழக்குத் தொடுத்தது. கீழ் நீதிமன்றத்தில் பள்ளி வாரியம் தவறிழைத்ததாகத் தீர்ப்பாயிற்று. ஆனால் 1990இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. முக்காட்டை அனுமதித்தால் நிர்வாகிகள் மாநிலச் சட்டப்படி தண்டனைக்கு உள்ளாக நேரும். அத்தகைய இன்னலை வாரியம் ஏற்க வேண்டியதில்லை என்பது அதன் முடிவு.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. கன்னியாஸ்திரீயின் அங்கி அவர் சபை வகுத்த விதி; சபைத் தலைமை விரும்பினால் விலக்களிக்க இயலும், வடக்கு டக்கோட்டாவில் ஆயர்கள் அனுமதித்ததுபோல. ஆனால் அந்தச் சகோதரி தம் முக்காட்டை இறைக்கட்டளையாக நம்பினார். அதிலிருந்து விலக்களிக்க அவருக்கு மேல் எந்த ஆயரும் இல்லை. ஒரு மதத்தவரை மனத்திற்கொண்டு எழுதிய விதி, அவர்களைவிடக் கடுமையாக மற்றொரு மதத்தவரை நெருக்கியது. கன்னியாஸ்திரீக்கு உடை மாற்றும் வழியேனும் இருந்தது. இச்சகோதரிக்கு எஞ்சியவை இரண்டே: ஈமானின் கட்டளை, அல்லது ஊதியம்.

அவர் தனித்து நிற்கவில்லை. ஆரகனில் சீக்கிய நெறியைத் தழுவி வெண்ணிற ஆடையும் தலைப்பாகையும் அணிந்த ஓர் ஆசிரியை தம் கற்பிக்கும் உரிமத்தையே இழந்தார். 1986இல் அம்மாநில உச்ச நீதிமன்றமும் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. 2003இல் பென்சில்வேனியாவிலேயே கழுத்தில் சிறு சிலுவை அணிந்த பள்ளி உதவியாளர் ஒருவர் பணியிலிருந்து நிறுத்தப்பட்டார். இம்முறை கூட்டாட்சி நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. பிற அணிகலன்களை அனுமதித்துவிட்டு மதச்சின்னத்தை மட்டும் தடுப்பது நடுநிலை ஆகாது என்று அது கருதியது. பொதுச்சீருடை என 1894ஆம் ஆண்டு நீதிபதிகள் சொன்னதற்கும் 1895ஆம் ஆண்டுச் சட்டம் செய்ததற்கும் இடையே இருந்த வேறுபாடும் இதுவே.

பின்னர் ஆரகன் 2010இலும், நெப்ராஸ்கா 2017இலும் தத்தம் சட்டங்களை நீக்கின. நெப்ராஸ்காவில் அங்கியணிந்த ஒரு கன்னியாஸ்திரீக்குப் பொதுப்பள்ளிப் பணி மறுக்கப்பட்டமை அதற்குத் தூண்டுகோலாயிற்று. இறுதியாக எஞ்சிய பென்சில்வேனியாவின் சட்டம், 2023 நவம்பரில் ஆளுநர் ஜோஷ் ஷப்பைரோவின் கையொப்பத்தோடு முடிவுக்கு வந்தது.

அங்கி, மென்னோனைட்டின் தொப்பி, முக்காடு, தலைப்பாகை, சிலுவை என அவ்வகைச் சட்டங்கள் 128 ஆண்டுகளில் தொட்டவற்றை வரிசையாக எண்ணிப் பாருங்கள். 1895இல் கன்னியாஸ்திரீகள் தடுக்கப்பட்டபோது மகிழ்ந்தோரின் மதத்தவர்க்கே பின்னாளில் அது வினையாயிற்று. திருக்குர்ஆனின் ஹஜ் அத்தியாயத்தின் 40ஆம் வசனம், இடிபடாமல் காக்கப்படும் தலங்களைக் கூறுமிடத்தில் துறவியர் மடங்களையும் தேவாலயங்களையும் யூதர்களின் தொழுமிடங்களையும் பள்ளிவாசல்களோடு ஒரே வரிசையில் வைக்கிறது. அண்டை வீட்டாரின் வழிபாட்டுரிமை நம் உரிமைக்கு அயலானது அன்று என்பதை இவ்வரிசை உணர்த்துகிறது.

ஆசிரியப் பணியில் இருக்கும் நம் சகோதரிகளும், அப்பணிக்கு ஆயத்தமாகும் நம் பெண்மக்களும் இரண்டு செய்திகளை மனத்திற்கொள்ளலாம். பள்ளி கேட்கும் தூய்மை, கண்ணியம், காலந்தவறாமை ஆகியவை மார்க்கமும் கேட்பவையே. அவற்றில் குறைவைக்க எவ்விதச் சாக்கும் வேண்டா. உடை விதி ஒன்று வரும்போது, அது எல்லார்க்கும் பொதுவான ஒழுங்கா, மதச்சின்னத்தை மட்டும் நோக்கிய தடையா என்று முதலில் கேளுங்கள். தடைக்கு உள்ளானவர் கன்னியாஸ்திரீயாக இருந்தாலும் சீக்கியராக இருந்தாலும் அக்கேள்வியை அவருக்காகவும் கேளுங்கள். காலிட்சின் வகுப்பறையில் அன்று அக்கேள்வி உரக்க ஒலித்திருந்தால், பிலடெல்பியாவில் ஒரு சகோதரி மூன்று பள்ளி வாசல்களிலிருந்து திரும்பியிருக்க வேண்டிய தேவை எழுந்திராது.