செவியும் மூளையும்: கேட்கும் கருவியின் வரலாற்றில் ஒரு திருப்பம்

செவியால் கேட்கிறோம் என்பது வழக்கு. ஆயினும் கேட்டல் செவியோடு முடிவதில்லை என்பதை முன்னோர் உணர்ந்திருந்தனர். ஐம்புலன்கள் கொணரும் செய்திகள் மூளையின் முன்னறையிலுள்ள ‘பொதுப்புலனில்’ ஒன்றுகூடுகின்றன என்று இப்னு சீனா (மறைவு 1037), கிரேக்க மரபை விரித்து எழுதினார். மூளையைப் பற்றிய அந்த வரைபடம் இன்று மாறிவிட்டது. புலன் கொணர்வது வேறு, உள்ளே அறிவது வேறு என்ற கருத்து மாறவில்லை.

கேட்கும் கருவி செய்தோர் இதனை நெடுநாள் எண்ணிப் பார்க்கவில்லை. 1952இன் இறுதியில் டிரான்சிஸ்டர் கருவிகள் விற்பனைக்கு வந்தன. கருவி சிறுத்தது, பணி மாறவில்லை. வந்த ஒலியையெல்லாம் அது பெருக்கிக் கொடுத்தது. அமைதியான அறைக்கு அது போதும். திருமண வீட்டிலோ பேச்சும் பாத்திர ஓசையும் சேர்ந்தே பெருகின. முதியவர் கருவியைக் கழற்றிவிட்டு, பேச்சிலிருந்தும் ஒதுங்கிக்கொண்டார்.

பலர் பேசும் இடத்தில் ஒருவர் பேச்சை மட்டும் எவ்வாறு பிரித்தறிகிறோம் என்ற வினாவை 1953இல் ஆய்வுக்குட்படுத்தியவர் ஆங்கிலேய அறிஞர் கொலின் செர்ரி. ஒரே குரலில் அமைந்த இரு செய்திகளைக் கலந்து ஒலிக்கச் செய்தபோது பிரித்தறிவது மிகக் கடினமாயிற்று. செவிக்கு ஒன்றாகச் செலுத்தியபோது எளிதாயிற்று. கவனிக்காத செவியில் ஆங்கிலம் ஜெர்மன் மொழியாக மாறியதைக்கூடக் கேட்டோர் அறியவில்லை. தெரிந்தெடுப்பது மூளை, அதற்கு இரு செவிகளும் துணை என்பது புலனாயிற்று.

இரு செவியும் மங்கியோர் ஒரு செவிக்கு மட்டும் கருவி அணிந்தால், மற்றச் செவியின் சொல்லுணரும் திறன் சில ஆண்டுகளில் குன்றக்கூடும் என்று 1984இல் சில்மன் குழுவினர் காட்டினர். பயிலாத திறனை மூளை இழக்கிறது.

ஒலி இரு செவிகளையும் எட்டும் நேர வேறுபாட்டாலும் உர வேறுபாட்டாலும் மூளை திசையறிகிறது. இரு கருவிகளும் தத்தம் போக்கில் ஒலியைச் சீராக்கினால் உர வேறுபாடு மங்கும். அதனால்தான் இன்றைய கருவிகள் பல, கம்பியின்றித் தம்முள் இணைந்து இயங்குகின்றன. இருவர் ஒருசேரப் பேசும்போது, கவனிக்கப்படும் குரலே மூளைப் புறணியில் மேலோங்கிப் பதிவதை 2012இல் மெஸ்கரானியும் சாங்கும் கண்டனர். அக்குறிப்பைப் படித்து, விரும்பிய குரலை உயர்த்தும் கருவி இன்னும் ஆய்வுக்கூடத்திலேயே உள்ளது.

எனவே, கருவி வாங்கித் தந்ததோடு கடமை தீர்ந்துவிடுவதில்லை. பல ஆண்டுகள் கேளாதிருந்த ஒலிகளை மூளை மீண்டும் பழகப் பல வாரங்கள் ஆகலாம். அந்நாள்களில் அமைதியான இடத்தில், முகம் பார்த்து, ஒருவர்பின் ஒருவராகப் பேசுவது வீட்டார் பொறுப்பு. முதல் வாரத்திலேயே “பயனில்லை” என்று கழற்றி வைக்கப்படும் கருவிகளுள் பல, பழகுவதற்கு அவகாசம் கிடைக்காதவையே.