உலோகத்திலிருந்து விண்மீனுக்கு: சந்திரசேகர் எல்லை

1928இல் செருமானிய இயற்பியலாளர் ஆர்னால்டு சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தார். மாநிலக் கல்லூரி மாணவர் சு. சந்திரசேகர் அவரைத் தேடிச் சென்று சந்தித்தார். படித்த அணுக்கோட்பாடு பழையதாகிவிட்டது என்ற சொல் மாணவருக்குப் பேரிடி. ஆயினும் சோமர்ஃபெல்டு வெறுங்கையோடு அனுப்பவில்லை. உலோக எலக்ட்ரான்கள் பற்றிய தம் கட்டுரையின் அச்சுப்படியைக் கொடுத்தார். அதிலிருந்த ஃபெர்மி-டிராக் புள்ளியியலே திறவுகோலாயிற்று. வெண்குறுமீனின் நெருக்குண்ட எலக்ட்ரான்களுக்கு ஃபவுலர் 1926லேயே அதைப் பொருத்தியிருந்தார். அதில் சார்பியல் விடுபட்டிருந்தது. 1930இல் இங்கிலாந்து செல்லும் கப்பலில் சந்திரசேகர் அதைச் சேர்த்துக் கணக்கிட்டார். நிறைக்கு ஓர் எல்லை கிடைத்தது. இன்றைய மதிப்பில் அது சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு.

எடிங்டன் 1935இல் அதை வெளிப்படையாக எள்ளினார். நோபல் பரிசு 1983இல்தான் வந்தது. அவ்வெல்லையை ஒட்டி வெடிப்பவையாகக் கருதப்பட்ட வெண்குறுமீன்களை அளவுகோலாகக் கொண்டே, அண்டம் விரைந்து விரிவதை 1998இல் கண்டறிந்தனர்.