எடை குறிக்கப்படாத சுமை

சந்தாபுராவை அடுத்துள்ள பொம்மசந்திராவில் தொழிற்பேட்டையும் பெரும் மருத்துவமனைகளும் அருகருகே நிற்கின்றன. சாலை ஒன்றுதான், சட்டம் வேறாக இருந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 34ஆம் பிரிவு, உடலுக்கு ஊறு விளைக்கும் அளவுக்கு எவரையும் சுமை தூக்கச் செய்யலாகாது என்றது. அதன்வழிப் பல மாநிலங்கள் வகுத்த விதிகள் வயதுவந்த பெண் தூக்கும் எடைக்கு 30 கிலோ என எல்லை கட்டின. மருத்துவமனை வார்டு தொழிற்சாலை அன்று. ஆகவே அங்கே அவ்வெல்லை நுழையவில்லை.

படுத்த படுக்கையான நோயாளிக்குப் புண் வராதிருக்க இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வைப்பது வழக்கம். அத்தகைய ஐவரைப் பன்னிரண்டு மணிநேர இரவுப்பணியில் கவனிக்கும் செவிலியர் முப்பது முறை குனிந்து நிமிர வேண்டும். நோயாளியின் எடை அறுபது கிலோவாக இருக்கலாம். அவர் பெட்டியன்று, வலியில் திமிறுவார், கையைப் பற்றி இழுப்பார். இவற்றையெல்லாம் கணக்கிட்ட அமெரிக்க ஆய்வாளர் தாமஸ் வாட்டர்ஸ், சாதகமான சூழலிலும் கையால் தூக்கத்தக்க அளவு ஏறத்தாழ 16 கிலோதான் என 2007இல் எழுதினார்.

இது புதிய ஞானமுமன்று. 1853இல் இலண்டன் ஹார்லி தெரு மருத்துவமனையை ஏற்ற ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல், மாடிதோறும் வெந்நீர்க் குழாயும் உணவை மேலேற்றும் பொறியும் வேண்டுமென வற்புறுத்தினார். இல்லையேல் செவிலியர் படியேறியே ஓய்ந்துபோவர் என்பது அவர் வாதம். விளக்கேந்திய மங்கையாக அவரை நினைவில் வைத்தோர் இதை மறந்தது வசதியான மறதி.

பின்வந்த பாடநூல்கள் முழங்காலை மடக்கு, முதுகை நேராக வை என்று செவிலியரின் உடலையே திருத்த முனைந்தன. தூக்கும் முறையைக் கற்பிப்பது மட்டுமே முதுகுவலியைக் குறைப்பதில்லை என ஆய்வுகள் பன்முறை காட்டிவிட்டன. உடற்பயிற்சி நல்லதே, எனினும் அதனால் ஆள் பற்றாக்குறை தீராது.

அப்பற்றாக்குறைக்கு நீண்ட வரலாறுண்டு. 1946இல் போர் குழு கண்ட கணக்கு, 43,000 மக்களுக்கு ஒரு செவிலியர். பின்னாளில் இந்திய செவிலியர் மன்றம் பொது வார்டில் பயிற்சி மருத்துவமனைக்கு மூவருக்கு ஒருவர், ஏனையவற்றுக்கு ஐவருக்கு ஒருவர் என நெறி வகுத்தது. மேலே கண்ட ஐவர் கணக்கு, அந்நெறி முழுமையாகக் கடைப்பிடிக்கப்படும் வார்டுக்குரியது.

செவிலியப் பணியின் தனித்தன்மைக்கேற்பத் தொழிற்பாதுகாப்புச் சட்டங்களைத் திருத்துமாறு பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 149ஆம் உடன்படிக்கை 1977இலேயே கோரியது. இந்தியா அதை ஏற்புறுதி செய்யவில்லை.