மாத்திரை உறங்கட்டும்

தூக்கம் வராமல் தவித்தவர்களுக்கு 1903-ம் ஆண்டில் ஒரு வரப்பிரசாதம் கிடைத்தது. ஜெர்மானிய ரசாயன மேதை எமில் பிஷரும் வைத்தியர் மெரிங்கும் 'வெரோனல்' என்னும் தூக்க மருந்தை உலகுக்கு அறிமுகம் செய்தார்கள். பார்பிட்டுரேட் என்ற பெரிய குடும்பத்தின் தலைப்பிள்ளை அது. ஆனால் தலையில் அடிபட்டவரின் படுக்கைக்கு அருகே இத்தகைய மருந்துகளைக் கொண்டுவர வைத்தியர்கள் அஞ்சினார்கள். ஏன் என்கிறீர்களா?

பொன்னேரிக்குக் கிழக்கே, பழவேற்காட்டு ஏரியில் வலைக்குப் போன ஒருவர் படகில் வழுக்கி விழுந்து மண்டையில் அடிபட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். கரைக்கு வந்து நன்றாகத்தான் பேசுகிறார். இரவில் வலி தாங்காமல் புரளுகிறார். வீட்டார் இரக்கப்பட்டு ஒரு தூக்க மாத்திரையைக் கொடுக்கிறார்கள். மண்டைக்குள் இரத்தம் கசிந்து மூளையை அழுத்தினால் மயக்கம் வரும். அந்த மயக்கமும் மாத்திரையின் உறக்கமும் பார்வைக்கு ஒன்றே! போதாக்குறைக்கு, மருந்தால் மூச்சு மந்தப்பட்டால் இரத்தத்தில் கரியமிலவாயு பெருகி, மூளையின் அழுத்தம் இன்னும் ஏறும். காவற்காரனைத் தூங்க வைத்துவிட்டுத் திருடனைப் பிடிக்க முடியுமா?

1950-ல் டாக்டர் பி. ராமமூர்த்தி சென்னைப் பொது மருத்துவமனையில் மூளை அறுவைச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். பொன்னேரியில் ரயிலேறியவர் சென்ட்ரலில் இறங்கிச் சாலையைக் கடந்தால் அந்த ஆஸ்பத்திரிதான். மண்டைக்குள் பார்க்கும் 'சி.டி. ஸ்கேன்' லண்டனில் முதல் நோயாளிக்கு எடுக்கப்பட்டது 1971-ல். அதுவரை நோயாளியின் பிரக்ஞையும் கண்ணின் பாவையுமே வைத்தியருக்கு முக்கியமான ஜன்னல்கள். 1974-ல் கிளாஸ்கோ நகரின் டீஸ்டேலும் ஜென்னட்டும் கண் திறப்பு, பேச்சு, அசைவு மூன்றுக்கும் மதிப்பெண் போடும் முறையை வகுத்தார்கள். ஸ்கேன் வந்த பிறகும் அந்த மதிப்பெண் வழக்கில் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், அதே பார்பிட்டுரேட்டே பிறகு காவலனாக வேஷம் கட்டியது. ஆழ்ந்த மயக்கத்தில் மூளையின் வேலை குறையும், அழுத்தமும் தணியும் என்று எழுபதுகளில் நம்பிக்கை பிறந்தது. முன்கூட்டியே கொடுத்தால் பலன் இல்லை, இரத்த அழுத்தந்தான் விழுகிறது என்று 1985-ல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. வேறு எதற்கும் அழுத்தம் அடங்காதபோது, செயற்கைச் சுவாசத்தோடு தீவிர சிகிச்சைப் பிரிவில் மட்டும் அதற்கு இடம் உண்டு.

இயற்கையான உறக்கம் பகையல்ல. எலிகள் உறங்கும்போது மூளைக் கழிவு விரைவாக அகலுகிறது என்று 2013-ல் கண்டார்கள். 'சோல்பிடெம்' மாத்திரை தந்த உறக்கத்தில் அந்தச் சுத்திகரிப்பு குறைந்ததை 2025-ல் வெளியான மற்றோர் எலி ஆய்வு காட்டியது.

ஆகவே, தலையில் அடிபட்டவரை வைத்தியர் பார்த்துச் சரி என்று சொல்லட்டும். பிறகு அவர் தாராளமாகத் தூங்கலாம். வாந்தி எடுக்கிறாரா, பேச்சுக் குழறுகிறதா, எழுப்பினால் எழுகிறாரா என்று பார்க்க வீட்டில் ஒருவர் விழித்திருக்கட்டும். மாத்திரை மட்டும் அலமாரியிலேயே உறங்கட்டும்!