கணிப்பொறி திடீரென நிற்பதேன்?

பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1960-இல் முறையாக இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் கணிப்பொறியில் சுமார் 2,700 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அத்தகைய குழாய், தான் பெறும் மின்சாரத்தின் பெரும்பகுதியை வெப்பமாகவே வெளிவிடும். பின்னர் டிரான்சிஸ்டர் வந்தது, குழாய் மறைந்தது. ஆயினும் வெப்பம் நம்மை விடவில்லை.

சில்லு செலவிடும் திறன் அதன் துடிப்பு வேகத்திற்கும், மின்னழுத்தத்தின் வர்க்கத்திற்கும் ஏறத்தாழ நேர்விகிதத்தில் அமைகிறது. குறித்த வேகத்தை மீறி ஓட்டுவதை ‘ஓவர்கிளாக்கிங்’ என்பர். வேகத்தை 20 சதவீதமும் அதற்கென மின்னழுத்தத்தை 10 சதவீதமும் உயர்த்தினால், திறன் 1.2 × 1.21, அதாவது சுமார் 45 சதவீதம் மிகுகிறது.

1995-இல் வெளிவந்த பென்டியம் புரோ சில்லினுள்ளேயே வெப்ப உணரி ஒன்று இருந்தது. வெப்பநிலை ஏறத்தாழ 135 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சில்லு தன் வேலையை நிறுத்திவிடும். இன்றைய சில்லுகளோ முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. அதுவும் போதாதபோதே நிற்கின்றன.

காரியாபட்டிக் கோடையில் அறையின் வெப்பநிலை 25 டிகிரியிலிருந்து 40 ஆனால், அதே வேலைக்குச் சில்லும் சுமார் 15 டிகிரி கூடுதலாகச் சூடேறும். மார்கழியில் ஒழுங்காக ஓடிய கணிப்பொறி சித்திரையில் நிற்பதில் வியப்பில்லை.

அவ்வாறு நின்றால், முதலில் பழைய வேகத்திற்கும் மின்னழுத்தத்திற்கும் திருப்புக. பின்னும் நின்றால் விசிறி, தூசி, சில்லின்மேல் தடவிய வெப்பப் பசை ஆகியவற்றைப் பார்க்க. வெப்பநிலை சரியாக இருந்தும், கடும் வேலை தொடங்கியவுடன் நிற்குமானால், மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைச் சோதிக்க வேண்டும். காப்பமைப்பை முடக்கி ஓட்டுவது மட்டும் ஒருபோதும் கூடாது. கருகிய சில்லைச் சீராக்க இயலாது.