ராஜரத்தினமும் ரங்கநாதன் ஆசாரியும்

மேல்நாட்டு வாத்தியக் கோஷ்டிகளில் டிராம்போன் என்று ஒரு பித்தளைக் குழல் உண்டு. அதில் விரல் வைக்கத் துளை கிடையாது. குழாயை முன்னும் பின்னும் இழுத்துத்தான் ஸ்வரத்தைப் பிடிக்க வேண்டும். 1839-ல் லைப்ஸிக் நகரத்து ஸாட்லர் என்பவர் டெனார் டிராம்போனில் ஒரு வால்வைப் பொருத்தி, அதற்கு எட்டாமலிருந்த சில கீழ் ஸ்வரங்களை எட்ட வைத்தார். அந்தப் புது வாத்தியத்தை முதலில் வாங்கி ஊதிப் பார்த்தவன் யாரோ, என்ன சொன்னானோ!

நம் காவிரிக் கரையிலும் இப்படி ஒன்று நடந்தது. நமக்கு ஊதிப் பார்த்தவர் பெயரே தெரியும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை.

கும்பகோணத்திலிருந்து மாயவரம் போகிற ரயில் பாதையில், ஆடுதுறைக்கு அடுத்தாற்போல் நரசிங்கம்பேட்டை. நாகஸ்வரம் செய்கிற ஊர். அங்கே ஆச்சா மரத்தில்தான் வேலை. அதுவும் புது மரம் உதவாது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கிற, பல ஆண்டு உலர்ந்த உத்தரமும் தூணும் வேண்டும். மரத்தைக் கடைந்து, கூம்பாகக் குடைந்து, மேலே விரலுக்கு ஏழு துளையும் கீழே பிரம்ம ஸ்வரத் துளைகளும் இடுவார்கள். குடைவது மயிரிழை அதிகமானாலும் போச்சு. எடுத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியுமா?

அந்தக் காலத்து நாகஸ்வரம் திமிரி. குட்டையானது, சுருதி உச்சம். சுவாமி புறப்பாட்டில் நாலு வீதிக்கும் கேட்க வேண்டிய வாத்தியம் அப்படித்தானே இருக்க வேண்டும்? ஆனால் அதில் சுத்த மத்யமம் தானாக நிற்காது. உதட்டாலும் மூச்சாலும் இழுத்துப் பிடித்து நிறுத்த வேண்டும். ராஜரத்தினம் பிள்ளைக்கோ உயிர் தோடி. தோடிக்கு வேண்டியது சுத்த மத்யமம். மணிக்கணக்கில் ஆலாபனை செய்கிறவர் ஒவ்வொரு முறையும் அந்த ஸ்வரத்தோடு மல்லுக்கு நிற்பதென்றால்?

திமிரியில் மேதைகள் வாசிக்கவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. வாசித்தார்கள். இருந்தாலும் பிள்ளை கேட்டது நியாயம் என்பதே என் கட்சி. கச்சேரி கோயில் வாசலிலிருந்து சபா மேடைக்கு வந்துவிட்டது. ஒத்துக்குப் பதில் தம்பூராவை வைத்துக்கொண்டவர் அவர். வாய்ப்பாட்டின் நிதானத்தை நாகஸ்வரத்தில் தேடியவர். பெருங்குடியில் என் வீட்டுக்கு எதிரே ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. முகூர்த்த நாட்களில் ஒலிபெருக்கி வழியே உச்ச சுருதி காதைத் துளைக்கும்போதெல்லாம் அவருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போடுகிறேன்.

நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி நீளமான குழலைக் கடைந்தார். நீளம் கூடினால் சுருதி இறங்கும்; அது சுலபம். துளைகளின் இடமும் உட்குடைவும் அல்லவா கஷ்டம்! ஒரு துளையை நகர்த்தினால் பக்கத்து ஸ்வரம் கோணும். முடிவில் சுத்த மத்யமம் சுத்தமாகப் பேசும் பாரி நாகஸ்வரம் பிறந்தது. முதல் குழலில் பிள்ளை சீவாளியை நனைத்துச் செருகி, நேரே அந்த மத்யமத்தில் போய் நின்றிருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஆசாரியின் கண் அவர் விரலில் இருந்திருக்குமா, முகத்திலா?

1898-ல் பிறந்த பிள்ளை 1956-ல் சென்னையில் காலமானார். கச்சேரி மேடையைப் பாரி பிடித்துக்கொண்டது. 2022-ல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சில குடும்பங்கள் அங்கே இன்னும் கடைகின்றன. பிரிக்கிற பழைய வீடுகள்தான் வர வரக் குறைந்துகொண்டிருக்கின்றன.