கடமையும் கருவியும்

உலகிற் காணப்படும் சமயங்களுட் சில, தாம் தோன்றிய நிலத்தோடும் குடியோடும் அமைந்துவிடுகின்றன. வேறு சில, எல்லை கடந்து சென்று பிற மக்களுக்குத் தம்மை அறிவிப்பதையே இயல்பாகக் கொண்டுள்ளன. கிறிஸ்தவம் இரண்டாம் வகையைச் சார்ந்தது. சகல இனத்தாரிடத்துஞ் சென்று அவர்களைச் சீடராக்கும்படி இயேசுநாதர் தம் மாணாக்கரைப் பணித்தார் என்பது மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் முடிவு. ஆதலால், அறியாதார்க்கு அறிவித்தல் கிறிஸ்தவர்க்கு விருப்பமன்று, கட்டளை. ஆயினும், அக்கட்டளை யாரை நோக்கியது, அதனை நிறைவேற்றுதற்குரிய கருவிகள் எவை என்னும் இரு வினாக்களும் அச்சமயத்தாரிடையே நெடுங்காலம் ஆராயப்பட்டன. அவ்வாராய்ச்சியின் பயனாக எழுந்த முயற்சியொன்று யாழ்ப்பாணத்தையும் வந்தடைந்தது. அது வந்தவாறும், ஈண்டு அடைந்த மாற்றமும், ஒரு சமயத்தவர்க்கு மட்டுமன்றி நம் அனைவருக்கும் ஆராயத்தக்கனவாம்.

கத்தோலிக்க சபையார் 16ஆம் நூற்றாண்டிலேயே கீழைத்தேசங்களுக்குக் குருமாரை அனுப்பினர். புரட்டஸ்தாந்தரோ நெடுங்காலம் அம்முயற்சியில் ஊக்கங் காட்டிலர். மேற்கூறிய கட்டளை அப்போஸ்தலர்க்கு மட்டுமே இடப்பட்டது, அவர்களுடைய காலத்தோடு அது முடிந்துவிட்டது என்று அவர்களுட் பலர் கருதினர். கடவுள் ஒரு சாதியாரை இரட்சிக்கத் திருவுளங்கொள்வாராயின் மனிதருடைய துணையின்றியே அதனைச் செய்வார் என்று கூறினாரும் உளர். 1706ஆம் ஆண்டிலே தென்மார்க்கு அரசனால் அனுப்பப்பட்டுத் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கும் புளுச்சோவும், 1732ஆம் ஆண்டு தொடங்கிப் பல தேசங்களுக்குஞ் சென்ற மொறேவிய சகோதரரும் இப்பொதுநிலைக்கு விலக்காவர்.

இந்நிலையை மாற்றியவர் இங்கிலாந்திலே சப்பாத்துத் தைக்குந் தொழில் பயின்று, பின் பாப்திஸ்து சபைப் போதகராய் விளங்கிய வில்லியம் கேரி. அவர் 1792ஆம் ஆண்டில் ஒரு சிறு நூலை வெளியிட்டார். பிறமதத்தாரை மனந்திருப்புதற்கு வேண்டிய கருவிகளைக் கையாளுதல் கிறிஸ்தவர்களுடைய கடமை என்பதே அந்நூற்பெயரின் கருத்து. கடமை, கருவி என்னும் இரு சொற்களும் அப்பெயரிலேயே அமைந்திருத்தல் நோக்கத்தக்கது. கட்டளை அப்போஸ்தலரோடு முடிந்ததாயின், அதனோடு இணைத்துக் கூறப்பட்ட ஞானஸ்நானமும் அவர்களோடு முடிந்திருத்தல் வேண்டுமே என்று அவர் வினவினார். அடுத்து, உலகத் தேசங்களின் பரப்பையும் குடித்தொகையையும் சமயத்தையும் அட்டவணைகளாக வகுத்துக் காட்டினார். அவர் கணக்கின்படி அன்றைய உலக மக்கள் 73 கோடியே 10 இலட்சம். அவர்களுள் 42 கோடியினர் கிறிஸ்தவ, யூத, இஸ்லாமிய சமயங்களைச் சாராதவர். தூரம், உயிர்க்கு இடர், மொழியறியாமை என்னும் தடைகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுத்தார். பொருளீட்டுதற்காக வணிகர் இத்தடைகளையெல்லாம் கடந்து செல்கின்றனரே என்பது அவர் கூறிய விடை. அவ்வாண்டு ஒக்டோபர் 2ஆம் நாள் கெற்றறிங் என்னும் ஊரிலே ஒரு சிறு கூட்டத்தார் கூடிச் சங்கமொன்றை அமைத்தனர். அன்று வாக்களிக்கப்பட்ட நிதி 13 பவுண் 2 சிலிங் 6 பென்ஸ். கேரி 1793இல் வங்காளத்தை அடைந்து, 1800 தொடக்கம் சேராம்பூரிலிருந்து பணியாற்றினார்.

இனி, யாழ்ப்பாணத்தின் நிலையை நோக்குவோம். கேரி நூல் எழுதிய காலத்தில் யாழ்ப்பாணத்தவர் கிறிஸ்தவத்தை அறியாதவரல்லர். போர்த்துக்கேயரும், 1658 முதல் 1795 வரை ஒல்லாந்தரும் தத்தம் சமயத்தை அரசாணையின் துணைகொண்டு இங்கே பரப்பினர். ஒல்லாந்தர் காலத்தில் ஞானஸ்நானம் பெறாதவர்க்கு அரசாங்க உத்தியோகம் கிட்டுதல் அரிது. விவாகப் பதிவும் கோயிற்பற்றுப் பாடசாலை வழியாகவே நடந்தது. ஆதலால், ஆயிரக்கணக்கானோர் பெயரளவிற் கிறிஸ்தவராயினர். வீட்டினுள்ளே சைவாசாரம் மறைவாக நிலவியது. ஒல்லாந்தராட்சி நீங்கியதும் அக்கூட்டமும் நீங்கியது. கோயில்கள் கூரையிழந்து பாழாயின. அதிகாரத்தைக் கருவியாகக் கொண்ட சமயம் அதிகாரத்தோடு மறைந்தது என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

கேரி மூட்டிய ஊக்கம் அற்லாந்திக் சமுத்திரத்தைக் கடந்து அமெரிக்காவையும் அடைந்தது. 1806ஆம் ஆண்டில் மசச்சூசெற்ஸ் மாகாணத்து வில்லியம்ஸ் கல்லூரி மாணவர் ஐவர், இடிமழைக்கு ஒதுங்கி ஒரு வைக்கோற்போரின் அருகே ஜெபஞ்செய்தபோது, ஆசியாவுக்குச் செல்லும் எண்ணம் அவர்களிடை உருவாயிற்று. 1810இல் அமெரிக்க மிஷன் சங்கம் தோன்றியது. 1812இல் அதன் முதற் பணியாளர் கல்கத்தாவை அடைந்தபோது, கிழக்கிந்தியக் கம்பெனியார் அவர்களை அங்கே தங்கவிடவில்லை. அவர்களுள் ஒருவராகிய சாமுவேல் நியூவெல், மனைவியை மொரீசியசில் இழந்து, தனியராய் 1813இல் இலங்கையை அடைந்தார். யாழ்ப்பாணம் பணிக்குத் தக்க இடமென்று அவர் தம் சங்கத்தாருக்கு எழுதினார். தேசாதிபதி பிறவுன்றிக்கின் அனுமதியோடு 1816ஆம் ஆண்டில் வாறன், றிச்சர்ட்ஸ், மெய்க்ஸ், பூவர் என்னும் நால்வர் யாழ்ப்பாணம் வந்தனர். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பாழடைந்து கிடந்த ஒல்லாந்தக் கோயில்களைத் திருத்தி அவர்கள் குடிபுகுந்தனர். வாறன் 1818இலும், றிச்சர்ட்ஸ் 1822இலும் நோயால் இறந்தனர்.

ஒல்லாந்தர்க்கு இருந்த அரசதிகாரம் இவர்களுக்கு இல்லை. ஆளுவோர் ஆங்கிலேயர், இவர்களோ அந்நியர். 1820இல் இவர்களுக்குத் துணையாக வந்த அச்சுத்தொழிலாளர் ஒருவரை அரசாங்கம் திருப்பியனுப்பியது. எனவே, கேட்போர் மனத்தை இசைவிக்குங் கருவிகளையே இவர்கள் நாடவேண்டியதாயிற்று. அவற்றுள் முதலாவது தமிழ்மொழி. அடுத்தது பாடசாலை. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824இல் உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலையும் தொடங்கப்பட்டன. செமினரியிலே தமிழ், ஆங்கிலம், சம்ஸ்கிருதம், கணிதம், வானசாஸ்திரம், தருக்கம் முதலியன கற்பிக்கப்பட்டன. 1834இல் மானிப்பாயில் அச்சுக்கூடம் நிறுவப்பட்டது. 1841இல் 'உதயதாரகை' வெளிவந்தது. 1847இல் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, 1857இல் பிரசவ வைத்தியத்தையும், 1867இல் இரண வைத்தியத்தையும் தமிழ் நூலாக வெளியிட்டார். உவின்ஸ்லோவின் தமிழ் ஆங்கில அகராதி 1862இல் நிறைவெய்தியது. செமினரித் தலைவராயிருந்த ஹொய்சிங்டன், சிவஞானபோதம், சிவப்பிரகாசம் என்பவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1854இல் அமெரிக்கக் கீழைத்தேசக் கழகத்தின் சஞ்சிகையில் அவை வெளிவந்தன. மறுப்பதற்காகவேனும் ஒரு சமயத்தைக் கற்கப் புகுந்தவர், அதனை உலகுக்கு அறிவிப்பவராகவும் ஆயினர்.

நிற்க, இக்கருவிகள் கடமைக்கு உதவினவா என்னும் ஐயம் மிஷனாரிடையே எழுந்தது. மாணவர் பல்கினர், சபையிற் சேர்ந்தோர் தொகை அதற்கேற்பப் பெருகவில்லை. ஆங்கிலங் கற்றோர் பலர் உபதேசியாராய்க் கிராமத்துக்குச் செல்லாது, உத்தியோகம் நாடி அரசாங்க அலுவலகங்களுக்குச் சென்றனர். சங்கத்தின் செயலாளர் றூபஸ் அண்டர்சன் 1855இல் யாழ்ப்பாணம் வந்து இந்நிலையை ஆராய்ந்தார். சுதேச சபைகள் தம்மைத் தாமே ஆண்டு, தம் செலவைத் தாமே தாங்கி, சுவிசேஷத்தைத் தாமே பரப்புதல் வேண்டுமென்பது அவர் கொள்கை. அதற்கு ஆங்கிலக் கல்வி இன்றியமையாததன்று என்று அவர் கருதினார். செமினரி அவ்வாண்டில் மூடப்பட்டது. அதனைத் தொடங்கி நடத்திய டானியேல் பூவரும் அவ்வாண்டு பெப்ருவரி மாதத்தில் வாந்திபேதியால் மானிப்பாயில் இறந்தார்.

மூடியவர் கூறிய காரணத்தில் உண்மை இல்லாமலில்லை. நோக்கம் சமயமாற்றமாயின், அந்நோக்கத்துக்கு உதவாத கருவியை நீக்குதல் தருக்க முறையே. ஆயினும், கல்வி தன்னை அளித்தவருடைய நோக்கத்துக்குள் அடங்கி நிற்கும் பொருளன்று. செமினரியின் பழைய மாணவரான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் 1857இல் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாயினர். இருவரும் பின்னர்ச் சைவராயினர். தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையை அச்சிற் பதிப்பித்தார். இதனைத் தோல்வியென்று கணக்கெழுதுவார் எழுதுக. தமிழுலகு அவ்வாறு எழுதாது. செமினரி மூடப்பட்டதனால் வருந்திய சுதேசக் கிறிஸ்தவர்களுடைய முயற்சியும் சேர்ந்து, 1872இல் அவ்வூரிலேயே யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது.

கருவிகளின் வலிமையை மிகத் தெளிவாய் உணர்ந்தவர் நல்லூர் ஆறுமுகநாவலர். வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவலிடம் ஆங்கிலங் கற்று, அவர் பாடசாலையில் ஆசிரியராயிருந்து, விவிலிய நூலின் தமிழ் மொழிபெயர்ப்புக்கும் அவர் துணைபுரிந்தார். அம்மொழிபெயர்ப்பு 1850இல் அச்சாயிற்று. அதற்கு முன்னரே, 1847 டிசம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலில் நாவலர் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கிவிட்டார். 1848இற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அடுத்து அச்சியந்திரம், பாலபாடம், வினாவிடை, கண்டன நூல்கள் என்பன தொடர்ந்தன. பிரசங்கம், பாடசாலை, அச்சு என்னும் மூன்றும் மிஷனாரிடத்திற் கண்ட கருவிகளே. ஆனால், அவர் மேற்கொண்ட கடமை அவருடையதே. தம் சமயத்தாருக்குத் தம் சமயத்தை எடுத்துரைப்பார் இல்லாமையே பெருங்குறையென அவர் கண்டார். அவர் இட்ட வித்திலிருந்தே 1888இற் சைவ பரிபாலன சபை தோன்றிற்று. இந்துக் கல்லூரிகள் எழுந்த வரலாறும் அதனைத் தொடர்ந்ததே.

எனினும், இரு திறத்தாருக்கும் எட்டாதிருந்த மக்கள் யாழ்ப்பாணத்துக்குள்ளேயே இருந்தனர் என்பதை நாம் மறைத்தல் தகாது. கடல் கடந்து வந்தவர்களும் பெரும்பாலும் உயர்ந்தோரெனப்பட்ட குலத்தாரையே முதலிற் சென்றடைந்தனர். சைவப் பாடசாலைகளும் அந்நெறியையே பின்பற்றின. 1929இல் அரசாங்க உதவிபெறும் பாடசாலைகளிற் சமவாசனம் வழங்கவேண்டுமென விதிக்கப்பட்டபோதும் எதிர்ப்பு எழுந்தது. ஆயிரங் காதம் கடந்து வந்த கடமை, அடுத்த வேலியைக் கடக்கத் தயங்கியது. அவ்வேலியைக் காத்து நின்றவர் நம்மவரே.

இனி, அண்டர்சன் விரும்பியது முற்றாக வீண்போயிற்றோவெனின், அன்று. திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த வே. ச. அசரியா 1902இல் யாழ்ப்பாணம் வந்தார். இங்குள்ள கிறிஸ்தவர் தம் பொருளைக் கொண்டே பிற இடத்துக்குப் பணியாளரை அனுப்பியதைக் கண்டு வியந்தார். தம் நாட்டுச் சபை இதனைச் செய்யாதது ஏன் என்னும் வினா அவர் மனத்தைத் தைத்தது. அடுத்த ஆண்டிலேயே திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் அமைந்தது. அதன் பணியாளர் தெலுங்கு நாட்டு டோர்ணக்கலுக்குச் சென்றனர். 1905 டிசம்பர் 25ஆம் நாள் தேசிய மிஷனரி சங்கம் தோன்றியது. அது தோன்றிய இடம் சேராம்பூர், கேரியின் நூல்நிலையம். இந்திய நாட்டார் அங்கே கூடி, கேரி வலியுறுத்திய கடமையைத் தம்முடையதாக ஏற்றனர். 1910இல் எடின்பரோ மாநாட்டிலே பேசிய அசரியா, மேனாட்டார் பொருளையும் உழைப்பையும் தந்தது போதாது, சமமான நட்பையுந் தருதல் வேண்டுமென்று கேட்டார்.

இவ்வரலாற்றினாற் பெறப்படுவது யாது? தாம் மெய்யென்று கண்டதைப் பிறருக்கு அறிவித்தல் கடமையெனக் கொள்வாரை நாம் பழித்தல் ஆகாது. நாவலரும் அக்கடமையினின்று விலகினாரல்லர். ஆனால், கேட்பவனுக்கும் ஓர் உரிமை உண்டு. ஆராய்ந்து கொள்ளவும், கொள்ளாது விடவும் அவன் உரியவன். ஒல்லாந்தர் அவ்வுரிமையை மறுத்தனர், அவர்கள் கட்டியது நிலைக்கவில்லை. பின் வந்தோர், மொழியையும் கல்வியையும் கொடுத்ததனால், தம்மை மறுத்தற்குரிய ஆற்றலையுஞ் சேர்த்தே கொடுத்தனர். அதுவே அவர்களுடைய பணியில் நிலைத்தது. எட்டாத மக்களை எட்டுதல் கடமையாயின், அக்கடமை இன்று சைவர்க்கும் கிறிஸ்தவர்க்கும் பொதுவானது. அதற்கு இனிக் கப்பலேற வேண்டுவதில்லை, அடுத்த வேலியைக் கடந்தாற் போதும்.